கடைசியாகப் ‘பாத்தாச்சு’ போட்டவன்

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. தொடரின் புது எபிசோடு வெள்ளிக்கிழமை வரும். வந்ததும் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது. பார்த்து முடித்தவர் ‘பாத்தாச்சு’ என்று மட்டும் போட வேண்டும். குழுவில் பாதிப் பேர் தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள். ஒருவருக்குப் பகல் டியூட்டி, ஒருவருக்கு ராத்திரி டியூட்டி. ஒருவர் பாலைவனத்தில் ஏதோ முகாமில் இருந்தார். டவர் கிடைக்கிற இடத்துக்கு வண்டி வந்தால்தான் அவர் போனில் படம் இறங்கும். அவர்களை விட்டுவிட்டு நாம் பேசுவது, பந்தியில் ஆள் உட்காருவதற்குள் இலையை எடுப்பது மாதிரி என்பார் அட்மின். அவரும் வளைகுடாவில்தான் இருந்தார். அதனால் கடைசி ஆள் ‘பாத்தாச்சு’ போடுகிறவரைக்கும் குழு வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அவர் போட்டதும் கொட்டும் பாருங்கள், போன் சூடாகிவிடும்.

அநேகமாகக் கடைசியில் போடுகிறவர் அந்தப் பாலைவனத்துக்காரர்தான். சில வாரம் திங்கள்கிழமை வரைக்கும் காத்திருப்போம். யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

தொடர் என்றால், பூமி இனி ஆகாது என்று ஒரு பெரிய விண்கலத்தில் ஏறிப் போகிறவர்களின் கதை. தமிழில் குரல் கொடுத்து வந்தது. நாங்கள் ‘கப்பல்’ என்றுதான் சொல்வோம். முதல் சீசனில் தொட்டிலில் கிடந்த பிள்ளை கடைசி சீசனில் கேப்டன். குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில், அருவியில் தண்ணீர் இல்லாத மாசி பங்குனி மாதங்களில் ஈ காக்கை வராது. கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் அறைதான் எனக்கு வீடு. அப்படி ஒரு பங்குனியில் சும்மா போட்டுப் பார்த்தது, அப்புறம் விடவில்லை.

இரண்டாவது சீசனில் ஒரு காட்சி. கப்பலின் அடித்தளத்தில் புகை சேர்ந்துவிடும். மெக்கானிக் பெண் ஓடி வந்து, சிவப்புச் சக்கரம் வைத்த ஒரு வால்வைத் திறந்துவிடுவாள். புகை வெளியே போகும். அதற்குள் மேல்தளத்தில் சண்டை என்று அவளைக் கூப்பிட, ஓடிவிடுவாள். அவள் திரும்பி வந்து அந்த வால்வை மூடியதாக எங்கேயும் காட்டவில்லை. அடுத்த சீசனில் அவள் செத்தும் போனாள்.

அவள் செத்ததுக்கு எல்லோரும் அழுதார்கள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது வால்வுக்காக. என் சுபாவம் அப்படி. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கீழே வந்தால், அணைத்தேனா இல்லையா என்று நாலு தரம் மாடிக்குப் போய் டேங்கை எட்டிப் பார்ப்பேன். பூட்டிய அறையை இழுத்துப் பார்ப்பேன், அப்புறம் இழுத்துப் பார்த்தது இந்த அறையா பக்கத்து அறையா என்று சந்தேகம் வரும். பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்பில் பாதியில் விட்டதும் இதனால்தான். பரீட்சைத் தாளில் பெயரை எழுதினேனா என்ற யோசனையிலேயே கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன். வாத்தியார் அடித்துப் பார்த்தார். அப்புறம் அவரும் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன்.

கதையை விளக்கிச் சொல்லும் ஒரு வீடியோவுக்குக் கீழே, ‘அந்த வால்வை யார் மூடினார்கள்?’ என்று எழுதிவைத்தேன். அதைப் பார்த்து யாரோ சிரித்துக் குழுவின் லிங்க்கை அனுப்பினார்கள். நம்பர் தெரியாத மாதிரியான குழு. போட்டோ வைக்க வேண்டியதில்லை. நான் வைக்கவில்லை.

உள்ளே போனால் அத்தனை பேரும் பெரிய பெரிய விஷயமாகப் பேசினார்கள். சாம்பல் நிறத்தில் வந்த வெளிச்சம் உயிருள்ளதா இல்லையா, கேப்டனுக்கு அப்பன் யார், ரோபோ ஏன் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தது, கப்பலில் ஒரு வருஷம் என்றால் பூமியில் எத்தனை வருஷம் என்று. எனக்குப் பாதி புரியாது. ஒவ்வொரு வாரமும் எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு நான் ஒரே ஒரு வரி போடுவேன்: ‘இந்த வாரமும் வால்வைக் காட்டவில்லை.’

“வால்வு அண்ணாச்சி வந்துட்டாரு, எல்லாரும் அவங்கவங்க வீட்டு பைப்ப மூடுங்கலே!” என்று யாராவது போடுவார்கள். சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவியும். எனக்கு அது பிடித்திருந்தது. லாட்ஜில் நான் ‘ஹலோ’, ‘இந்தாங்க’, ‘மேனேஜர்’, ‘அண்ணாச்சி’. சாரல் காலத்தில் நாளைக்கு நூறு பேர் இப்படிக் கூப்பிடுவார்கள். எண்ணெய் தேய்த்து, குளித்து, ரம்புட்டான் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த வருஷம் வந்தாலும் என் முகம் அவர்களுக்கு ஞாபகம் இருக்காது, ஏன் இருக்க வேண்டும்? ஆனால் குழுவில் ஒரு வாரம் நான் அந்த ஒற்றை வரியைப் போடாவிட்டால், ‘என்ன, வால்வைக் காணோம்?’ என்று கேட்பார்கள். நான் யார், என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் வேறு மாதிரிப் பேசுவார்களோ என்று இருந்தது.

கடைசி சீசன் தொடங்கியதுமே அட்மின் எழுதிவிட்டார்: “கடைசி எபிசோட பேசி முடிச்சதும் குழுவ மூடிருதேன். இல்லன்னா குட்மார்னிங் படம் போட ஆரம்பிச்சிருவீங்க, எனக்குத் தெரியும்.” எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நானும் காட்டினேன். காட்டிவிட்டு டேங்கைப் பார்க்க மாடிக்குப் போனேன்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. எபிசோடை இறக்கி வைத்துக்கொண்டேன். திறக்கவில்லை. கூட்டம் அதிகம், நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரிக்குள் வரிசையாக ‘பாத்தாச்சு’ வந்தது. சனிக்கிழமை காலையில் பாலைவனத்துக்காரரே போட்டுவிட்டார். நான் ஒருவன்தான் பாக்கி.

திட்டம் போட்டுச் செய்ததல்ல. ஆனால் புத்தியில் ஒரு ஓரத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் போடாதவரை பேச்சு தொடங்காது. தொடங்காத பேச்சு முடியாது. முடியாதவரை குழுவை மூட முடியாது. சரிதானே? ஆனால் போனை எடுத்து எடுத்துப் பார்த்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை. நான் மூடவிடாமல் பிடித்துவைத்திருந்த குழு, செத்த வீடு மாதிரி சத்தமில்லாமல் கிடந்தது. ஆடி மாதக் கூட்டம் வாசலில் நெரிந்துகொண்டிருந்தது. மெயின் அருவியில் தண்ணீர் அதிகமாகி அபாயச் சங்கு ஊதி, குளிக்க வந்தவர்களெல்லாம் ஈரத் துண்டோடு தெருவில் நின்றார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அந்தச் சத்தமில்லாத போனைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மூன்று பேர் நனைந்துகொண்டு வந்து ரூம் கேட்டார்கள். ஒருவர் தாடி வைத்தவர், கறுத்த முகம், நல்ல வெயிலில் வேலை பார்க்கிற ஆள் என்று தெரிந்தது. ஒருவர் கண்ணாடி போட்டவர். மூன்றாவது ஆள் நெட்டை, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே படியேறினார். மாடியில் மூலை அறையைத் திறந்துவிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

“தம்பி, பாத்ரூம் பைப்ப இறுக்கி மூடிருங்க. குளிச்சு முடிச்சதும் கீசர அணைச்சிருங்க. பால்கனி கதவத் தெறந்து போட்டுட்டு வெளிய போனா குரங்கு உள்ள வந்துரும்.”

“சரி அண்ணாச்சி.”

இரண்டு படி இறங்கித் திரும்ப ஏறினேன். “கீசர் சுவிச்சு வெளிய இருக்கு தம்பி. மேல செவப்பு லைட்டு எரியும். அது அணைஞ்சிருக்கான்னு பாத்துக்கிடுங்க.”

“அண்ணாச்சி, நாங்க குளிக்க வந்திருக்கோம், இங்கன வேலைக்குச் சேர வரல” என்றார் கண்ணாடிக்காரர். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

நெட்டை போனைக் கட்டிலில் போட்டார். “அந்தாளு இன்னும் போடலலே.”

“எந்தாளு?”

“வால்வு அண்ணாச்சிதான். அத்தன பேரும் பாத்தாச்சு போட்டாச்சு. இவரு ஒருத்தருக்காண்டி ஊரே வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கு.”

சாவிக்கொத்து என் கையிலிருந்து விழுந்தது. தாடிக்காரர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு இறங்கினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் தானாக இறங்கிவிட்டது.

கவுண்டரில் உட்கார்ந்தால் உடம்பு நிலைகொள்ளவில்லை. அவர்கள் மூன்று பேரும் குழுவில் யார் யாராக இருப்பார்கள்? சாம்பல் வெளிச்சத்துக்கு உயிர் உண்டு என்று சண்டை போடுகிறவர் இந்தக் கண்ணாடியோ? அவர்கள் போனில் என் மெசேஜ் இருக்கிறது, அவர்கள் தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறியை நான் துடைத்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்வது?

கொஞ்ச நேரத்தில் பரோட்டாவும் கோழியும் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. தட்டக் கையைத் தூக்கினேன்.

“நாம மூணு பேரும் ரூமுக்குள்ள பேசுனா அட்மினுக்கு எப்படிலே தெரியும்?” கண்ணாடிக்காரர் குரல்.

“தெரியாட்டாலும் பேசக் கூடாது.” இது தாடிக்காரர். “நான் மணல்ல டவர் தேடி அலையும்போது எனக்காண்டி எத்தன தரம் காத்துக் கெடந்திருக்கீங்க? இப்ப லீவுல ஊருக்கு வந்துட்டேன்னு ரூல மாத்துவியோ?”

அப்படியானால் இவர்தான் பாலைவனத்துக்காரர். எத்தனையோ திங்கள்கிழமை நான் காத்திருந்த ஆள் உள்ளே உட்கார்ந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

“செத்துகித்துப் போயிருப்பாரோ?” என்றார் நெட்டை.

“வாயக் கழுவுலே.”

“இல்ல மாப்ள, சும்மா கேக்கேன். ஒடம்புக்கு முடியாமக் கெடந்தாருன்னா யாருக்குத் தெரியும்? யாருட்டயாவது நம்பர் இருக்கா?”

“இல்ல.”

“ஊரு?”

“அதுவும் தெரியாது.”

“இத்தன வருசம் பேசுதோம்,” என்றார் தாடிக்காரர், “ஆளு யாருன்னே தெரியல பாரேன்.”

பொட்டலத்தின் சூடு கையில் ஏறியது. கதவைத் தட்டினேன். உள்ளே போய் மேசையில் இலையை விரித்து வைத்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக்காரர் பாத்ரூம் பக்கம் கையை நீட்டி, “அண்ணாச்சி, பைப்ப மூடிட்டோம், கீசர அணைச்சிட்டோம், குரங்குட்டயும் சொல்லிட்டோம்” என்றார்.

“ஏலே, இவரையும் வால்வு அண்ணாச்சியையும் ஒரே ரூம்ல போட்டா எப்படி இருக்கும்?” என்றார் நெட்டை.

“விடிய விடிய ரெண்டு பேரும் பூட்ட இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “சால்னா போதுமா தம்பி?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் எபிசோடைப் பார்த்தேன். நம்மைக் காணோம் என்று மூன்று பேர் கவலைப்படுகிறார்கள் என்று தெரிந்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. கவுண்டரில் போனைச் சாய்த்துவைத்து, ஒரு காதில் மட்டும் ஒயரைச் செருகிக்கொண்டேன். நடுவில் ஒரு குடும்பம் வந்து ரூம் கேட்டது. நிறுத்தினேன். எண்ணெய் தேய்க்கிறவர் வந்து வெந்நீர் கேட்டார். நிறுத்தினேன். குரங்கு ஒன்று யாருடைய சோப்பையோ தூக்கிக்கொண்டு ஓட, ஒரு அம்மா என்னிடம் வந்து சண்டை போட்டார். அதற்கும் நிறுத்தினேன். இப்படி விட்டு விட்டுக் கப்பல் ஒருவழியாக ஒரு புதுக் கிரகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எல்லோரும் சின்னச் சின்ன ஓடங்களில் ஏறி அதில் போய் இறங்கிவிட்டார்கள். பெரிய கப்பல் மட்டும் மேலே காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசிக் காட்சியில் கேமரா அந்தக் காலிக் கப்பலுக்குள் ஒவ்வொரு தளமாக இறங்கி வந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. அடித்தளம் வந்தது. வால்வு இருந்த நடைபாதை வந்தது. சிவப்புச் சக்கரம் ஒரு ஓரத்தில் தெரிந்தது, அவ்வளவுதான், இருட்டிவிட்டது. நிறுத்தி, பின்னால் இழுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பாக ஏதோ தெரிந்தது. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ‘பாத்தாச்சு’ என்று எழுதி அனுப்பினேன்.

மாடியில் ஒரு கூச்சல் கிளம்பியது. “போட்டுட்டாருலே!” கட்டில் கிரீச்சிட்டது, யாரோ கை தட்டினார்கள். “உயிரோடதான் இருக்காரு!” ஒரு கணம் கழித்து அதே சொற்கள் என் போனில் எழுத்தாக வந்தன. அப்புறம் வளைகுடாவிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மேலே கண்ணாடிக்காரர் சாம்பல் வெளிச்சத்துக்காகக் கத்துவது கூரை வழியாக முதலில் கேட்கும், பிறகு திரையில் வரும். நெட்டை, “அப்ப கேப்டனுக்கு அப்பன் யாரு? அதச் சொல்லு! அத விட்டுட்டு முடிச்சுட்டானுவளே!” என்பார். அதுவும் வரும். இப்படி முன்னால் காதிலும் பின்னால் கண்ணிலுமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டுக் கல்யாணத்தைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்கிற மாதிரி இருந்தது.

கொஞ்சம் ஓய்ந்தபோது என் வரியைப் போட்டேன்: ‘கடைசி வரைக்கும் வால்வை மூடியதாகக் காட்டவில்லை.’

மேலே வெடித்த சிரிப்பில் சுவர்ப் பல்லி ஓடியது. உடனே பெல் அடித்து மூன்று டீ கேட்டார்கள்.

டீயோடு போனபோது வால்வுப் பேச்சுதான் நடந்துகொண்டிருந்தது. “அவளே மூடிருப்பா. எல்லாத்தையும் காட்டணுமாலே?” என்றார் கண்ணாடிக்காரர்.

“காட்டணும்” என்றார் தாடிக்காரர். “எங்க உம்மா தெனமும் போன்ல கேப்பா, கேஸ மூடிட்டியா வாப்பான்னு. மூடிட்டேன்னு நான் வாயால சொன்னாத்தான் போன வைப்பா. அவ நிம்மதிக்காகவாவது ஒருதரம் காட்டியிருக்கலாம்.”

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க,” கண்ணாடிக்காரர் டீயை வாங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “ஒரு கப்பலு. அதுல ஒரு வால்வத் தெறந்து விட்டுட்டு அப்படியே போயிட்டாங்க. என்ன ஆவும்?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் போன் இருந்தது. அதைத் திறந்து காட்டினால் போதும். என்ன சொல்வார்கள்? கட்டிப்பிடிப்பார்களோ? அல்லது, ‘அட, நீங்களா’ என்று ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, பிறகு மரியாதையாக நாற்காலி எடுத்துப் போடுவார்களோ? அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான் பயந்தேன்.

“எனக்கு என்ன தெரியும் தம்பி” என்றேன். காலி இலைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சாரல் விடவே இல்லை. அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். தாடிக்காரர் சாவியைக் கவுண்டரில் வைத்தார்.

“எல்லாத்தையும் மூடியாச்சு அண்ணாச்சி.”

“கீசரு?”

“அதுவும்தான்.”

“பால்கனி?”

“அண்ணாச்சி!” என்று சிரித்தார். “வாரோம். ஒடம்பப் பாத்துக்கிடுங்க.”

யாரும் என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதில்லை. போகிற போக்கில் சொன்னதுதான். தென்காசி பஸ் வருகிற பக்கமாக நனைந்துகொண்டே போனார்கள். முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

போனில் அட்மின் எழுதியிருந்தார்: “எல்லாரும் பேசியாச்சா? மத்தியானம் தொழுகைக்குப் பெறகு மூடிருதேன். சந்தோசம்.” ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். வணக்கம், சலாம், அழுகிற பொம்மை. ‘வால்வு அண்ணாச்சி, வீட்டு பைப்ப மூடிட்டுத் தூங்குங்க’ என்று ஒருவர். ‘நன்றி’ என்று எழுதினேன். அழித்தேன். ‘எல்லாருக்கும் நன்றி’ என்று எழுதி, அதையும் அழித்தேன். வேறு என்ன எழுத என்று தெரியாமல் மூலை அறையைப் பார்க்க மாடிக்குப் போனேன்.

சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. பாத்ரூமில் பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எத்தனை தரம் சொன்னேன்! கீசரை அணைத்தேன், பைப்பைத் திருகினேன், பால்கனிக் கதவை இழுத்துப் பார்த்தேன். அந்தக் கதவாவது பூட்டியிருந்தது. பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இந்த மாதிரி விஷயத்தைச் சொல்லாமல் எப்படி இருப்பது என்ற எண்ணத்தில், வேறு எதையும் யோசிக்காமல் எழுதினேன்.

‘மாடி மூலை ரூமில் கீசரை அணைக்காமல் போய்விட்டீர்கள். செவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. நான் அணைத்துவிட்டேன். பைப்பும் சொட்டிக்கொண்டிருந்தது.’

அனுப்பிய பிறகுதான் என்ன அனுப்பினேன் என்று உறைத்தது. அழிக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அதற்குள் பார்த்துவிட்டார்கள். விடைபெறுகிற மெசேஜெல்லாம் நின்றுபோனது. ‘எந்த மூல ரூமு?’ என்று வளைகுடாவிலிருந்து யாரோ கேட்டார்கள். ‘என்ன கீசரு?’ என்று இன்னொருவர். கண்ணாடிக்காரரோ நெட்டையோ ஒரு வாய்பிளந்த பொம்மையைப் போட்டார். தாடிக்காரர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கீழே கவுண்டரில் யாரோ, “ஹலோ, ஆள் இல்லையா?” என்று மேசையைத் தட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் வந்தது: “பஸ்ஸு இப்பத்தான் மேலகரம் வருது அண்ணாச்சி. எறங்கவா?”

ஜன்னலுக்கு வெளியே சாரல் வலுத்திருந்தது. வந்தால் எங்கே உட்காரவைப்பது, மத்தியானத்துக்குள் குழுவை மூடிவிடுவார்களா மாட்டார்களா, டீக்குப் பால் இருக்கிறதா என்று நூறு யோசனை ஓடியது.

‘குடை இருக்கா?’ என்று கேட்டு அனுப்பினேன்.